வேதியியலில் கோட்டுருவியலின் பயன்பாடுகள்

வேதியியலில் கோட்டுருவியல் என்பது மூலக்கூறுகளின் கட்டமைப்பைக் கோட்டுருக்களாகக் கொண்டு, அவற்றின் எண்ணிக்கை, நிலைப்புத்தன்மை, இயற்பியல் பண்புகள் ஆகியவற்றைக் கணித வழியில் ஆராயும் துறையாகும். இது வேதிக் கோட்டுருவியல் எனவும் வழங்கப்படுகின்றது. இங்கு அணுக்கள் முனைகளாகவும், அவற்றுக்கு இடையேயான வேதிப்பிணைப்புகள் விளிம்புகளாகவும் கொள்ளப்படுகின்றன.

இவ்வாறு வரையப்படும் கோட்டுருவில் பிணைப்புகளின் நீளம், அவற்றுக்கு இடைப்பட்ட கோணம், மூலக்கூறின் முப்பரிமாண வடிவம் ஆகிய எவையும் இடம்பெறுவதில்லை. எந்த அணு எந்த அணுவோடு பிணைந்துள்ளது என்னும் ஒரு செய்தி மட்டுமே எஞ்சுகின்றது. இந்த ஒரு செய்தியிலிருந்து எவ்வளவு அறிய முடியும், எதனை அறிய முடியாது என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வியாகும்.

மூலக்கூற்றுக் கோட்டுரு

ஒரு முனையில் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை அம்முனையின் படி எனப்படும். மூலக்கூற்றுக் கோட்டுருவில் முனையின் படி அவ்வணுவின் இணைதிறனுக்கு (வலுவளவுக்கு) ஒப்பாகும். கரிம (கார்பன்) அணுவின் படி 4, ஆக்சிசனின் படி 2, ஐதரசனின் படி 1 ஆகும். இரட்டைப் பிணைப்பு இரண்டு விளிம்புகளாகக் கணக்கிடப்படும்.

எந்தக் கோட்டுருவிலும் முனைகளின் படிகளைக் கூட்டினால் விளிம்புகளின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு கிடைக்கும். ஏனெனில் ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு முனைகள் உண்டு. இந்த எளிய உண்மையிலிருந்தே வேதியியல் மாணவர் மனனம் செய்யும் ஒரு வாய்பாட்டைப் பெறலாம். ஆல்கேன்கள் வளையமோ இரட்டைப் பிணைப்போ இல்லாத ஐதரோகார்பன்கள். எனவே அவற்றின் கோட்டுரு ஒரு மரம் ஆகும். மரத்தில் விளிம்புகளின் எண்ணிக்கை முனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு. கரிம அணுக்களின் எண்ணிக்கை க, ஐதரசன் அணுக்களின் எண்ணிக்கை ஐ எனில்,

4க + ஐ = 2(க + ஐ − 1)

என்றாகும். இதிலிருந்து ஐ = 2க + 2 எனக் கிடைக்கின்றது. நான்கு கரிம அணுக்கள் கொண்ட பியூட்டேனில் பத்து ஐதரசன் அணுக்கள் இருப்பதன் காரணம் இதுவே.

ஐதரசன் அணுக்களின் இடம் கரிமச் சட்டகத்தைக் கொண்டே தீர்மானிக்கப்படுவதால், பெரும்பாலான ஆய்வுகளில் அவை நீக்கப்பட்டுக் கரிமச் சட்டகம் மட்டும் வரையப்படுகின்றது. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பலவும் இத்தகைய ஐதரசன் நீக்கிய கோட்டுருக்களே.

வரலாறு

கோட்டுருவியலின் தொடக்கமாகப் பொதுவாகக் கருதப்படுவது லியோனார்டு ஆய்லர் 1736இல் கோனிக்சுபர்க் நகரின் ஏழு பாலங்கள் பற்றித் தந்த தீர்வாகும். ஆயினும் இத்துறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கிராஃப்' என்னும் பெயர் வேதியியலிலிருந்தே வந்தது.

1858இல் ஆகஸ்ட் கெக்குலே, ஆர்ச்சிபால்ட் கூப்பர் ஆகிய இருவரும் தனித்தனியே, கரிம அணு நான்கு இணைதிறன் கொண்டது என்றும் கரிம அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து சங்கிலியாக அமையும் என்றும் எடுத்துரைத்தனர். 1864இல் அலெக்சாண்டர் கிரம் பிரவுன் அணுக்களை வட்டங்களாகவும் பிணைப்புகளைக் கோடுகளாகவும் வரையும் முறையைப் பயன்படுத்தினார். எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் இம்முறையைத் தம் பாடநூலில் ஏற்றுக்கொண்டபின் அது பரவலாயிற்று. இவ்வரைபடங்களைக் கண்ட கணிதவியலாளர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர், 1878இல் 'நேச்சர்' இதழில் வேதியியலையும் இயற்கணிதத்தையும் ஒப்பிட்டு எழுதிய குறிப்பில், முனைகளும் கோடுகளும் கொண்ட அமைப்பைக் குறிக்கக் 'கிராஃப்' என்னும் சொல்லை முதன்முதலாகக் கையாண்டார்.

மாற்றியங்களை எண்ணுதல்

ஒரே மூலக்கூற்று வாய்பாடும் வெவ்வேறு கட்டமைப்பும் கொண்ட சேர்மங்கள் மாற்றியங்கள் (சமபகுதியங்கள்) எனப்படும். ஒரு வாய்பாட்டுக்கு எத்தனை மாற்றியங்கள் இருக்க முடியும் என்பது 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளருக்கு நடைமுறைச் சிக்கலாக இருந்தது. ஆய்வகத்தில் மூன்று மாற்றியங்கள் பிரித்தெடுக்கப்பட்டால், நான்காவது ஒன்று இருக்கக்கூடுமா என்பதை அறிய ஓர் எண்ணிக்கை தேவைப்பட்டது.

ஆர்தர் கெய்லி 1857இல் மரங்களைப் பற்றி எழுதத் தொடங்கி, 1874, 1875 ஆண்டுகளில் அக்கருத்துகளை ஆல்கேன்களுக்குப் பயன்படுத்தினார். ஆல்கேன் மாற்றியங்களை எண்ணுவது, எந்த முனையின் படியும் நான்கைத் தாண்டாத மரங்களை எண்ணுவதே என்பது அவரது அணுகுமுறை. 13 கரிம அணுக்கள் வரை அவர் கணக்கிட்டார். அவற்றுள் 12, 13 ஆகியவற்றுக்கான மதிப்புகள் பிழையானவை. சரியான எண்ணிக்கைகள் வருமாறு:

- 4 கரிம அணுக்கள்: 2
- 5 கரிம அணுக்கள்: 3
- 6 கரிம அணுக்கள்: 5
- 7 கரிம அணுக்கள்: 9
- 8 கரிம அணுக்கள்: 18
- 10 கரிம அணுக்கள்: 75
- 12 கரிம அணுக்கள்: 355
- 13 கரிம அணுக்கள்: 802
- 20 கரிம அணுக்கள்: 366,319
- 30 கரிம அணுக்கள்: 4,111,846,763 (ஏறத்தாழ 411 கோடி)

இவ்வெண்ணிக்கைகளில் ஆடி பிம்ப மாற்றியங்கள் சேர்க்கப்படவில்லை. மேலும், இவை கோட்டுருவாக வரையக்கூடியவற்றின் எண்ணிக்கையே. அணுக்கள் நெருங்கி மோதுவதால் இவற்றுட் சில உண்மையில் நிலைத்திருக்க இயலாமற் போகலாம். 1931இல் ஹென்ஸ், பிளேர் ஆகியோர் சிறிய ஆல்கேன்களின் எண்ணிக்கையிலிருந்து பெரியவற்றின் எண்ணிக்கையைப் படிப்படியாகப் பெறும் வாய்பாடுகளை வெளியிட்டனர்.

போல்யாவின் முறை

ஜார்ஜ் போல்யா 1937இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை, எண்ணும் முறையைக் குலக் கோட்பாட்டுடன் இணைத்தது. இதே கருத்தின் பெரும்பகுதியை ஜே. எச். ரெட்ஃபீல்டு 1927இலேயே வெளியிட்டிருந்தபோதும், அது நெடுங்காலம் கவனிக்கப்படாமல் இருந்தது.

பென்சீன் வளையத்தைக் கொண்டு இம்முறையை விளக்கலாம். பென்சீனின் ஆறு ஐதரசன் அணுக்களில் எவற்றையும் குளோரினால் பதிலிடலாம் எனில், எத்தனை வெவ்வேறு சேர்மங்கள் கிடைக்கும்? ஒவ்வோர் இடத்திலும் இரு தெரிவுகள் இருப்பதால் 64 வழிகள் உள்ளன. ஆனால் வளையத்தைச் சுழற்றினாலோ புரட்டினாலோ ஒன்றாகிவிடும் அமைப்புகள் ஒரே சேர்மமே. அறுகோணத்துக்கு 12 சமச்சீர்ச் செயல்கள் உண்டு. ஒவ்வொன்றும் மாற்றாமல் விடும் அமைப்புகளின் எண்ணிக்கை வருமாறு:

- எதுவும் செய்யாதிருத்தல்: 64
- 60 பாகைச் சுழற்சிகள் இரண்டு: 2 + 2 = 4
- 120 பாகைச் சுழற்சிகள் இரண்டு: 4 + 4 = 8
- 180 பாகைச் சுழற்சி ஒன்று: 8
- எதிரெதிர் முனைகள் வழியான எதிரொளிப்புகள் மூன்று: 16 × 3 = 48
- எதிரெதிர்ப் பக்கங்களின் நடு வழியான எதிரொளிப்புகள் மூன்று: 8 × 3 = 24

இவற்றின் கூட்டுத்தொகை 156. இதனை 12ஆல் வகுக்க 13 கிடைக்கின்றது. அதாவது, குளோரின் ஏறாத பென்சீனையும் சேர்த்து 13 சேர்மங்களே இருக்க முடியும். இவற்றுள் இரு குளோரின் அணுக்கள் கொண்டவை மூன்று. அவையே ஆர்த்தோ, மெட்டா, பாரா என அறியப்படுபவை.

இடவியல் குறியெண்கள்

ஒரு கோட்டுருவிலிருந்து கணக்கிடப்பட்டு, முனைகளுக்கு எப்படிப் பெயரிட்டாலும் மாறாதிருக்கும் எண் இடவியல் குறியெண் எனப்படும். இவற்றுள் முதலாவதை ஹாரி வீனர் 1947இல் ஆல்கேன்களின் கொதிநிலையைக் கணிப்பதற்காக அறிமுகப்படுத்தினார். கரிமச் சட்டகத்தில் ஒவ்வோர் இணை முனைகளுக்கும் இடையேயான மிகக் குறுகிய பாதையில் உள்ள விளிம்புகளை எண்ணி, எல்லா இணைகளுக்கும் கூட்டினால் கிடைப்பது வீனர் குறியெண்.

நேர்ச்சங்கிலிப் பியூட்டேனில் ஆறு இணைகள் உள்ளன. அவற்றின் தொலைவுகள் 1, 1, 1, 2, 2, 3, கூட்டுத்தொகை 10. கிளைத்த ஐசோபியூட்டேனில் அவை 1, 1, 1, 2, 2, 2, கூட்டுத்தொகை 9. பென்டேனின் மூன்று மாற்றியங்களுக்கு இக்குறியெண்ணும் கொதிநிலையும் வருமாறு:

- நேர்ச்சங்கிலிப் பென்டேன்: குறியெண் 20, கொதிநிலை 36.1 பாகை செல்சியசு
- ஐசோபென்டேன்: குறியெண் 18, கொதிநிலை 27.8 பாகை செல்சியசு
- நியோபென்டேன்: குறியெண் 16, கொதிநிலை 9.5 பாகை செல்சியசு

கிளைகள் கூடும்போது மூலக்கூறு உருண்டு திரள்கின்றது; பக்கத்து மூலக்கூறுகளைத் தொடும் பரப்பு குறைவதால் அவற்றுக்கிடையேயான கவர்ச்சி குறைந்து, கொதிநிலையும் தாழ்கின்றது. வீனர் குறியெண் இந்தத் திரட்சியையே அளக்கின்றது.

ஆயினும் இவ்வொழுங்கு எங்கும் நிலைப்பதில்லை. ஆறு கரிம அணுக்கள் கொண்ட 2-மெத்தில்பென்டேனின் குறியெண் 32, 3-மெத்தில்பென்டேனின் குறியெண் 31. ஆனால் கொதிநிலைகள் முறையே 60.3, 63.3 பாகை செல்சியசு. வரிசை தலைகீழாக உள்ளது. வீனர் தம் சமன்பாட்டில் இரண்டாவது அளவொன்றையும் சேர்த்திருந்தார். அது சரியாக மூன்று பிணைப்புத் தொலைவில் உள்ள இணைகளின் எண்ணிக்கையாகும். முதற் சேர்மத்தில் இது 3, இரண்டாவதில் 4. ஓர் எண் தவறவிடும் செய்தியை மற்றோர் எண் ஈடுசெய்கின்றது.

1971இல் ஹருவோ ஹோசோயா, ஒன்றையொன்று தொடாத விளிம்புகளைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணும் வேறொரு குறியெண்ணை முன்வைத்தார். இடவியல் குறியெண் என்னும் பெயரைத் தந்தவரும் இவரே. நேர்ச்சங்கிலி ஆல்கேன்களுக்கு ஹோசோயா குறியெண் 1, 2, 3, 5, 8 என ஃபிபோனாச்சித் தொடராக அமைகின்றது. 1975இல் மிலன் ராண்டிச் முன்வைத்த இணைப்புக் குறியெண், மருந்தாய்வில் பெரிதும் பயன்பட்டது. இன்று நூற்றுக்கணக்கான குறியெண்கள் உள்ளன. ஒரே குறியெண் வெவ்வேறு மூலக்கூறுகளுக்கு அமையக்கூடும் என்பது இவை அனைத்துக்கும் பொதுவான குறைபாடாகும்.

ஹக்கெல் முறையும் அண்டை அணியும்

கோட்டுருவின் முனைகளை வரிசைப்படுத்தி, இரு முனைகளுக்கிடையே விளிம்பு இருந்தால் 1 என்றும் இல்லையெனில் 0 என்றும் எழுதிப் பெறும் அணி, அண்டை அணி எனப்படும். எரிக் ஹக்கெல் 1931இல் பென்சீன் போன்ற சேர்மங்களின் எதிர்மின்னிகளுக்காக (எலக்ட்ரான்களுக்காக) உருவாக்கிய தோராய முறையில், ஆற்றல் நிலைகள் இவ்வணியின் ஐகன் மதிப்புகளாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. இத்தொடர்பு வெளிப்படையாக உணரப்பட்டது 1950களில்தான்.

ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும் உள்ள எத்திலீனின் ஐகன் மதிப்புகள் 1, −1. கீழ்நிலையில் இரு எதிர்மின்னிகள் அமர்வதால் மொத்த மதிப்பு 2. பென்சீன் வளையத்தின் ஐகன் மதிப்புகள் 2, 1, 1, −1, −1, −2. ஆறு எதிர்மின்னிகளும் முதல் மூன்று நிலைகளை நிரப்புவதால் மொத்தம் 8. மூன்று தனித்த இரட்டைப் பிணைப்புகளின் மொத்தம் 6 மட்டுமே. மிகுதியான 2 அலகுகளே பென்சீனின் தனிப்பட்ட நிலைப்புத்தன்மைக்குக் காரணம்.

நான்கு கரிம அணுக்கள் கொண்ட சைக்ளோபியூட்டாடையீன் வளையத்தின் ஐகன் மதிப்புகள் 2, 0, 0, −2. நான்கு எதிர்மின்னிகளின் மொத்தம் 4. இரு தனித்த இரட்டைப் பிணைப்புகளின் மொத்தமும் 4. வளையமானதால் பயன் எதுவும் இல்லை. இச்சேர்மம் மிக நிலையற்றது என்பதை ஆய்வுகள் உறுதிசெய்தன.

கெக்குலே அமைப்புகள்

பென்சீனில் ஒற்றைப் பிணைப்புகளையும் இரட்டைப் பிணைப்புகளையும் மாறிமாறி இரு வழிகளில் வரையலாம். இவை கெக்குலே அமைப்புகள் எனப்படும். ஒவ்வொரு கரிம அணுவும் சரியாக ஓர் இரட்டைப் பிணைப்பில் பங்கேற்க வேண்டும் என்பதால், கெக்குலே அமைப்பு என்பது கோட்டுருவியலில் நிறைவுப் பொருத்தம் என்பதே ஆகும். நாஃப்தலீனுக்கு 3, ஆந்திரசீனுக்கு 4, ஃபீனாந்திரீனுக்கு 5 என இவை அமைகின்றன. ஆந்திரசீனும் ஃபீனாந்திரீனும் ஒரே வாய்பாடு கொண்டவை. கெக்குலே அமைப்புகள் மிகுந்த ஃபீனாந்திரீனே கூடுதல் நிலைப்புடையது.

சில கோட்டுருக்களில் நிறைவுப் பொருத்தமே இல்லை. ஆறு அறுகோணங்கள் முக்கோணமாக அடுக்கப்பட்ட டிரையாங்குலீன் அவற்றுள் ஒன்று. அதன் 22 கரிம அணுக்களை, அண்டை அணுக்கள் வெவ்வேறு நிறம் பெறுமாறு இரு நிறங்களில் தீட்டினால், ஒரு நிறத்தில் 12உம் மற்றதில் 10உம் வரும். ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பும் இரு நிறங்களிலும் ஒவ்வோர் அணுவை எடுத்துக்கொள்வதால், இரண்டு அணுக்கள் இணையின்றி எஞ்சும். எனவே இம்மூலக்கூறு இணைசேரா எதிர்மின்னிகள் இரண்டைக் கொண்டு மிகுந்த வினைத்திறனோடு இருக்கும் என்பது வெறும் எண்ணிக்கையாலேயே தெரிகின்றது. எரிக் கிளார் 1953இல் இதனை உருவாக்க முயன்றபோது அது பலபடியாகி வீணாயிற்று. 2017இல் சூரிக்கில் உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தினரும் வார்விக் பல்கலைக்கழகத்தினரும், நுண்ணோக்கியின் ஊசிமுனையால் இரண்டு ஐதரசன் அணுக்களை அகற்றி, ஒரு தனி டிரையாங்குலீன் மூலக்கூறை உருவாக்கிக் காட்டினர்.

கிளார் 1972இல் சுட்டிய வேறொரு மூலக்கூறு இன்னும் நுட்பமானது. கிண்ண வடிவான அதன் 38 கரிம அணுக்களில் இரு நிறங்களும் சமமாக, 19 வீதம் உள்ளன. ஆயினும் குறுகிய நடுப்பகுதி காரணமாக அதிலும் நிறைவுப் பொருத்தம் அமையாது. இது 2020இல் பொன் பரப்பின்மீது உருவாக்கப்பட்டது.

ஃபுல்லரீன்கள்

கரிம அணுக்கள் மட்டுமே கொண்டு, ஐங்கோணங்களாலும் அறுகோணங்களாலும் மூடப்பட்ட கூண்டுகள் ஃபுல்லரீன்கள் எனப்படும். ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களோடு பிணைந்திருக்கும். பன்முகிகளுக்கான ஆய்லர் வாய்பாட்டின்படி, முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளின் எண்ணிக்கையைக் கழித்து முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 2 வரும். ஒவ்வொரு முனையின் படியும் 3 என்பதைச் சேர்த்துக்கொண்டால், அறுகோணங்கள் எத்தனை இருந்தாலும் ஐங்கோணங்கள் 12 மட்டுமே என்னும் முடிவு கிடைக்கின்றது.

ஹரால்டு குரோட்டோ, ராபர்ட் கர்ல், ரிச்சர்ட் ஸ்மாலி ஆகியோர் 1985இல் கண்டறிந்த, 60 அணுக்கள் கொண்ட ஃபுல்லரீனில் 90 விளிம்புகளும் 32 முகங்களும் உள்ளன. முகங்களில் 12 ஐங்கோணங்கள், 20 அறுகோணங்கள். இக்கண்டுபிடிப்புக்காக அவர்களுக்கு 1996ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 60 முனைகளைக் கொண்டு 1,812 வெவ்வேறு ஃபுல்லரீன் கோட்டுருக்கள் வரையலாம். அவற்றுள் எந்த இரு ஐங்கோணங்களும் ஒரு விளிம்பைப் பகிராத கோட்டுரு ஒன்றே ஒன்றுதான். இயற்கை தேர்ந்தெடுத்ததும் அதுவே. அடுத்தடுத்து அமையும் ஐங்கோணங்கள் கூண்டில் இறுக்கத்தை உண்டாக்குவதே இதன் காரணம்.

கணினிவழிப் பயன்பாடுகள்

ஒரு சேர்மம் புதியதா, முன்பே அறியப்பட்டதா என்பதைக் கண்டறிவது இரு கோட்டுருக்கள் ஒன்றா என ஒப்பிடும் சிக்கலாகும். பத்து அணுக்களை 3,628,800 வழிகளில் எண்ணிடலாம் என்பதால், ஒவ்வொரு வழியையும் ஒப்பிடுதல் இயலாது. 1965இல் எச். எல். மார்கன், கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ் நிறுவனத்தின் பதிவேட்டுக்காக ஒரு படிமுறையை வெளியிட்டார். இதில் முதலில் ஒவ்வோர் அணுவுக்கும் அதன் படி எண்ணாகத் தரப்படும். பின்னர் ஒவ்வோர் அணுவின் எண்ணும் அதன் அண்டை அணுக்களின் எண்களைக் கூட்டிப் புதுப்பிக்கப்படும். சில சுற்றுகளில் அணுக்கள் வேறுபடுத்தப்பட்டு, ஒரே சீரான வரிசை கிடைக்கின்றது.

அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டென்ட்ரல் திட்டம், நிறை நிரலைத் தரவுகளுக்குப் பொருந்தும் எல்லாக் கோட்டுருக்களையும் உருவாக்கிச் சோதித்தது. மூலக்கூறை ஒரே வரியில் எழுதும் ஸ்மைல்ஸ் குறியீடு 1980களில் உருவானது. வளையங்களை வெட்டிக் கோட்டுருவை மரமாக்கி, அம்மரத்தின் வழியே நடந்து அணுக்களை எழுதுவதே இதன் அடிப்படை.

பெரிய மூலக்கூறுக்குள் குறிப்பிட்ட சிறு அமைப்பு உள்ளதா எனத் தேடுவது உட்கோட்டுருச் சிக்கல் எனப்படும். பொதுக் கோட்டுருக்களுக்கு இது மிகக் கடினமானது. அணுக்களின் படி சிறியதாக இருப்பதாலும், பொருந்தாதவற்றை முன்கூட்டியே வடிகட்டுவதாலும் நடைமுறையில் இது விரைவாகச் செய்யப்படுகின்றது.

அண்டை முனைகளிலிருந்து செய்தியைத் திரட்டிப் புதுப்பிக்கும் மார்கனின் எண்ணம், 2010களில் வளர்ந்த கோட்டுரு நரம்புப் பிணையங்களிலும் காணப்படுகின்றது. 2020இல் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ 2,300 மூலக்கூறுகளின் பாக்டீரியா எதிர்ப்புத் தரவுகளைக் கொண்டு இத்தகைய பிணையத்தைப் பயிற்றினர். பின்னர் ஏறத்தாழ 6,000 சேர்மங்களை அதன் மூலம் சலித்து, முன்னர் நீரிழிவுக்காக ஆராயப்பட்ட ஹாலிசின் என்னும் சேர்மத்திற்கு நுண்ணுயிர் எதிர்ப்பு ஆற்றல் உண்டெனக் கண்டறிந்தனர். எலிகளில் நடந்த சோதனைகள் இதனை உறுதிசெய்தன.

வரம்புகள்

கோட்டுரு விட்டுவிடும் செய்திகள் சில வேளைகளில் முதன்மையானவை. 2-பியூட்டீனின் சிஸ், டிரான்ஸ் வடிவங்களுக்குக் கோட்டுரு ஒன்றே. ஆனால் கொதிநிலைகள் முறையே 3.7, 0.9 பாகை செல்சியசு.

ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமான மூலக்கூறுகளுக்கும் கோட்டுரு ஒன்றே. 1957இல் மேற்கு செருமனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மருந்தில் இவ்விரு வடிவங்களும் கலந்திருந்தன. கருவுற்ற பெண்கள் உட்கொண்ட இம்மருந்தால் உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் உறுப்புக் குறைபாடுகளுடன் பிறந்தனர். 1961இல் அது திரும்பப் பெறப்பட்டது. உறக்கம் தரும் ஆற்றல் ஒரு வடிவத்துக்கும், கருவைச் சிதைக்கும் ஆற்றல் மற்றதற்கும் உரியதாக ஆய்வுகள் சுட்டுகின்றன. உடலுக்குள் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுவதால், ஒரு வடிவத்தை மட்டும் தருவதும் பாதுகாப்பாகாது. எந்த இடவியல் குறியெண்ணாலும் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

மேலும், இரண்டு வளையங்களுக்கிடையே இரும்பு அணு அமைந்த ஃபெரோசீன் போன்ற சேர்மங்களில், எதனை விளிம்பாகக் கொள்வது என்பதே தெளிவற்றது. இக்காரணங்களால் இன்றைய மென்பொருள்கள் முனைகளில் தனிமத்தின் பெயர், மின்னூட்டம், முப்பரிமாணத் திசை ஆகியவற்றையும், விளிம்புகளில் பிணைப்பின் வகையையும் குறிப்புகளாகச் சேர்த்துக் கொள்கின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- கோட்டுருவியல்
- மரம் (கோட்டுருவியல்)
- மாற்றியம்
- குலக் கோட்பாடு
- பென்சீன்
- ஃபுல்லரீன்